ஆறாம் குழியில் நான் சொன்ன பெயர்

1

நேற்று எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் மகன் பெயர். உள்ளே என் பெயர். சிங்கப்பூருக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது, இதுவரை என் பெயரைப் போட்டு ஒரு காகிதம் வீடு தேடி வந்ததில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். பேத்தி யாழினியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். நின்றபடியே வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்பத்தா, மூணு மாசத்துக்கு நீங்க பக்கி ஓட்டக் கூடாதாம்.”

“நான் எங்கடி ஓட்டுனேன்?”

“மணலுக்குள்ள விட்டீங்களாம். இங்க போட்டிருக்கு.”

“அது ஓட்டுனது இல்லடி. அதுவாப் போனது.”

சிரிப்புத் தாங்காமல் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினேழு வயசுப் பிள்ளை. காலையில் காதில் எதையோ மாட்டினால் ராத்திரி படுக்கும்போதுதான் கழற்றுகிறாள். நடுவில் நான் என்ன பேசினாலும் தலையை ஆட்டுவாள், எதற்கு ஆட்டினோம் என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பிள்ளையை இப்படிச் சிரிக்க வைத்ததே பெரிய விஷயம். இன்னொரு தடவை மணலுக்குள் விடலாமா என்றுகூடத் தோன்றியது.

பக்கி என்பது கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற சின்ன வண்டி. கதவு கிடையாது, சத்தம் கிடையாது, பாட்டரியில் ஓடும். அதை நான் எதற்கு எடுத்தேன் என்பதை ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சவர்ணம் சிங்கப்பூருக்குப் போய் வண்டி ஓட்டிப் பிடிபட்டாள் என்று காளையார்கோவில் வரைக்கும் பேச்சு போய்விடும்.

எனக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நான் போனில் பேசப் பேச, காரைக்குடியில் இருக்கிற என் தங்கை மகள் மீனா எழுதுகிறாள். அவள் டீச்சர். “பெரியம்மா, நீங்க பேசுறதை நான் புத்தகத்துல வர்ற மாதிரி மாத்திக்கிறேன்” என்றாள். மாத்திக்கோ, ஆனால் மற்றவர்கள் பேசியதைத் தொடாதே, அவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

2

என் மகனுக்கு இந்த வருஷம் ஐம்பத்தொன்று. அவன் அப்பா போனது ஐம்பத்தோராவது வயசில். சாயங்காலம் மடையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். கண்மாய்க்கரை ஒன்றும் தொலைவில்லை. சோற்றை வடித்து, குழம்பை இறக்கி, மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கரையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தார். ஏதோ யோசித்துக்கொண்டிருக்கிற மாதிரிதான் இருந்ததாம். பார்த்துவிட்டு இரண்டு பேர் பேசாமல் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

மகனுக்குப் போன வருஷம் நெஞ்சு வலி வந்தது. ரத்தக் குழாயில் அடைப்பு என்று சின்னதாக ஒரு கம்பி வலையை உள்ளே வைத்தார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதென்றால் வீட்டுக்குக் கீழே நடக்க வேண்டியதுதானே? இவனுக்குச் சும்மா நடக்கப் பிடிக்காது. ஒரு பந்தை அடித்துவிட்டு அதன் பின்னால்தான் நடப்பானாம். பகலில் வேலை, வெயில் வேறு. அதனால் வாரத்தில் ஒரு நாள், பொழுது சாய்ந்த பிறகு, விளக்குப் போட்ட பொது மைதானத்துக்குப் போவான். யார் வேண்டுமானாலும் போய் ஆடலாம், ஆனால் அதற்கும் ஒரு பரீட்சை எழுதித் தேறியிருக்க வேண்டும். புல்லில் நடக்கப் பரீட்சை வைத்த ஊரை நான் இங்குதான் பார்த்தேன்.

மருமகள் செல்வி முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுக்கு அன்றைக்குப் பார்த்துச் சாயங்கால டூட்டி. ஒரு நாள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, சின்ன பாட்டில் ஒன்றைக் கையில் வைத்தாள். கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

“அத்தை, இனிமே அவர் ஆடப் போனா நீங்களும் கூடப் போறீக. நெஞ்சப் பிடிச்சாருன்னா இதுல ஒண்ணு நாக்குக்கு அடியில வைங்க. முழுங்கச் சொல்லாதீக. ஒங்க பிரஷர் மாத்திரையோட கலந்துறக் கூடாதுன்னுதான் நூல் கட்டியிருக்கேன்.”

“நானா? எனக்கு அந்த எடமே தெரியாதே ஆத்தா.”

“அவரைத் தெரியும்ல? அது போதும்.”

அந்தப் பாட்டிலைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகினேன். அன்றிலிருந்து வெடிமருந்தைச் செருகிக்கொண்டு திரிகிற மாதிரிதான் இருந்தேன். நடு ராத்திரியில் எழுந்து நூல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன்.

3

மைதானத்து வாசலில் ஒரு பெண் பிள்ளை என் முன்னால் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னாள். பந்து மேலே பட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறதாம். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் போயிற்று. மீதி, கையெழுத்து என்றதும். கட்டை விரலைக் காட்டினேன். அவளிடம் மை இல்லை. இந்த ஊர் ஏர்போர்ட்டில் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள்கூட வரிசையில் நின்று விரலை வைத்துவிட்டுப் போகிறார்கள். இங்கே எல்லோரும் கைநாட்டுத்தான் என்று நான் பெருமையாக இருந்தேன். ஒரு புல் மைதானத்தில் மானம் போயிற்று. கடைசியில் ரப்பர் முத்திரை குத்துகிற மைப்பெட்டியைத் தேடி எடுத்து வந்தாள். ஊதா நிறம். மூன்று நாள் போகவில்லை.

உள்ளே போனதும் வாயைப் பிளந்துவிட்டேன். தென்னை மர உயரத்துக்குக் கம்பங்கள், ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாக விளக்கு. புல் பச்சை நிறத்திலேயே இல்லை, அதற்கும் மேலே என்னவோ ஒரு நிறம். ஒரு எறும்பு ஊர்ந்தால் தெரியும். அடடா, இப்படி வெளிச்சம் இருந்தால் எனக்கு என்ன பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கீழே பார்த்தேன். மகனுக்கு நாலு நிழல் இருந்தது. நாலு கம்பத்து வெளிச்சமும் நாலு பக்கம் அவனை இழுத்துப் போட்டிருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நிழல் பார்த்துப் பழகிய கண் எனக்கு. எனக்கும் நாலு இருந்ததைப் பார்த்தபோது காலைத் தூக்கிப் பக்கிக்குள் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. வெளிச்சம் எங்கே முடிகிறதோ அங்கே மரம். அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியாது. வெளிச்சம் இல்லாத ஊரில் இருட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் பழகும், வரப்பும் தெரியும், வருகிற ஆளும் தெரியும். இங்கே வெள்ளையை விட்டுக் காலை எடுத்தால் கறுப்பு. ஓரத்தில் உடும்பு வேறு கிடந்தது, ஒரு ஆள் நீளம். மகன், “அது ஒண்ணும் செய்யாது ஆத்தா” என்றான். செய்யாது என்று உடும்பு சொல்ல வேண்டும்.

அதைவிடக் கொடுமை, அவன் கம்பை ஓங்கும்போது நான் பேசக்கூடாது. இது சட்டம். எனக்குப் பயம் வந்தால் பேச்சுத்தான் வரும். பேச்சை அடக்கினால் பயம் உள்ளேயே கிடந்து புரளும்.

“ஆத்தா, ஒரு நிமிசம் வாயை மூடிக்கிட்டு இரு.”

“மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒனக்கு வேர்க்குதா?”

“ஆத்தா!”

“இல்லப்பா, நெத்தியில மினுமினுங்குது, அதான் கேட்டேன்.”

கம்பை இறக்கி, துண்டால் முகத்தைத் துடைத்து, மறுபடி ஓங்கினான். டக் என்று ஒரு சத்தம். பந்து மேலே போனது. விளக்கு உயரத்துக்கும் மேலே போய்க் காணாமல் போயிற்று. அது வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது வெகு தூரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்து உருண்டது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஐம்பத்தோரு வயசை அவிழ்த்துப் போட்டுவிட்டு நிற்கிற மாதிரி இருந்தான். அதைப் பார்த்த பிறகு, வேண்டாம் ஐயா, வீட்டுக்குப் போவோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மொத்தம் ஒன்பது குழி. ஒவ்வொன்றிலும் கொடி நட்டிருக்கும். எத்தனை அடியில் பந்தைக் குழியில் போடுகிறான் என்பதுதான் அவன் கணக்கு. என் கணக்கு வேறு. ஒன்று முடிந்தது, இன்னும் எட்டு இருக்கிறது, காவல்காரசாமி, எட்டையும் தாண்ட வைத்துவிடு.

4

இப்படி ஐந்தாறு வாரம் போனது. நான் சொல்ல வந்த அன்றைக்கு மழை தூறி விட்டிருந்தது. கூட ஆடுகிறவர்கள் வரவில்லை. மைதானத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் யாரும் இல்லை. ஈசல் விளக்கைச் சுற்றிக் கொட்டிக்கொண்டிருந்தது.

நாலாவது குழியில் மகன் என்னிடம் கம்பை நீட்டினான்.

“பின்னாடி யாரும் இல்ல. ஒண்ணு அடி ஆத்தா.”

“போடா, பல்லு போற காலத்துல.”

“யாரு பாக்கப் போறா? இந்தா, இங்குட்டு நில்லு. பந்தைப் பாரு, கொடியைப் பாக்காத.”

சேலையைத் தூக்கிச் செருகினேன். கம்பு இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது மண்வெட்டி. மண்வெட்டி பிடிக்கிற மாதிரியே பிடித்து, ஓங்கி, போட்டேன் ஒரு போடு. பந்து அங்கேயே இருந்தது. புல்லோடு ஒரு கை மண் பெயர்ந்து முன்னால் போய் விழுந்தது.

மகன் சிரிக்க ஆரம்பித்தான். பந்து எங்கே என்று கேட்டேன், இன்னும் சிரித்தான். வாய்க்கால் வெட்டக் கூலிக்கு வந்தவள் மாதிரி இருக்கிறாய் என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த அடி பந்தில் பட்டது. பத்தடி ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, தலைப்பிள்ளை பிறந்தபோதுகூட அப்படிக் கத்தியிருக்க மாட்டேன். அப்புறம் கொடிக்குப் பக்கத்தில் வந்து, குட்டைக் கம்பால் லேசாகத் தட்டச் சொன்னான். தட்டினேன். அது நெளிந்து நெளிந்து போய்க் குழிக்குள் விழுந்தது. குழிக்குள் விழுகிற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கிணற்றில் சின்னக் கல்லைப் போட்ட மாதிரி.

சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று குனிந்து முழங்காலில் கை ஊன்றினான்.

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கை இடுப்புக்குப் போய்விட்டது.

“ஏம்ப்பா?”

“ஒண்ணும் இல்ல.”

“நெஞ்சா?”

“சிரிச்சதுல மூச்சு வாங்குது. விடு ஆத்தா. ஒன்கூடச் சிரிக்கக்கூட முடியாது போல.”

நிமிர்ந்துவிட்டான். முகம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் எல்லோர் முகமும் சுண்ணாம்பு அடித்த மாதிரிதான் தெரியும். எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

5

ஆறாவது குழி. அவன் அடித்த பந்து கோணலாகப் போய் வலதுபக்க மரத்துக்குள் விழுந்தது.

“நீ பக்கியிலேயே இரு. பாத்துட்டு வாறேன்.”

“போனாப் போகுது, வேற பந்து இல்லையா?”

“மூணு நிமிசம் தேடலாம். அதுக்கு மேல தேடக் கூடாது, சட்டம். மூணு நிமிசத்துல வந்துருவேன்.”

போனான். வெளிச்சத்தின் ஓரம் வரை அவன் முதுகு தெரிந்தது. அப்புறம் நாலு நிழலும் முதலில் உள்ளே போயின. அவனும் போனான்.

எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. அறுபது எண்ணினால் ஒரு நிமிஷம் என்று மகன்தான் எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தான். விரல் விட்டு எண்ணினேன். மூன்று அறுபது ஆயிற்று. சரி, நான் வேகமாக எண்ணியிருப்பேன் என்று இன்னொரு அறுபது கொடுத்தேன். ஈசல் வந்து மடியில் விழுந்தது. இரண்டு பேர் பேசாமல் தாண்டிப் போன அந்தக் கண்மாய்க்கரை கண் முன்னால் வந்தது.

“தம்பீ!”

எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன்.

“ஐயா! அப்பு! ஏ, தம்பீ!”

தவளைச் சத்தம்தான்.

இறங்கி ஓடலாம் என்றால், எனக்கு முழங்கால் ஓடுகிற முழங்கால் இல்லை. அவன் இடத்துக்கு மாறி உட்கார்ந்து, அவன் மிதிப்பதைப் பார்த்திருக்கிறேன் அல்லவா, அதை மிதித்தேன். வண்டி சத்தமே போடாமல் கிளம்பியது. சத்தம் போட்டிருந்தால்கூடப் பயந்து காலை எடுத்திருப்பேன். மரத்தைப் பார்த்துத் திருப்பினேன். அது திரும்பியது. மேட்டில் ஏறியது. இறங்கும்போது நான் மிதிக்காமலே ஓடியது. “காவக்காரா! காவக்காரா!” என்று நான் கத்தக் கத்த, அது போய் வெள்ளை மணல் பள்ளத்துக்குள் தொப்பென்று விழுந்து நின்றது. ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது.

அதற்குள் இன்னொரு பக்கி பறந்து வந்தது. மைதானத்தைச் சுற்றிக் கண்காணிக்கிற மலாய்க்காரர் ஒருவர், பளபளக்கிற பச்சைச் சட்டை, நரைத்த மீசை. “ஆன்ட்டி! ஆன்ட்டி!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு இறங்கினார். நான் மரத்தைக் காட்டினேன். நெஞ்சைக் காட்டினேன். மறுபடி மரத்தைக் காட்டினேன். மனிதர் உடனே புரிந்துகொண்டார். டார்ச்சை எடுத்தார். அந்த மரக்கூட்டம் நீளம், அடுத்த குழி வரைக்கும் போகிறது. எங்கே என்று தேடுவது? என்னைப் பார்த்து, “நேம்? நேம்?” என்றார்.

நேம் எனக்குத் தெரியும். இந்த ஊரில் தங்க அனுமதி கொடுக்கிற பாஸ் ஆபீஸில் முதலில் கேட்கிற வார்த்தை.

சொல்ல முடியவில்லை.

இதை இளையவர்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும். எங்கள் பக்கம் மூத்த மகனுக்கு அவன் ஐயாவின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், பெயரைத்தான் வைப்போம். என் மகனுக்கும் என் மாமனார் பெயர். மாமனார் பெயரை மருமகள் சொல்லலாமா? புருஷன் பெயரையே சொல்ல மாட்டோம். ரேஷன் கார்டுக்கு ஆள் வந்து கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, “சொல்லு தங்கம், சாருக்கு எங்க வீட்டுக்காரவுக பேரைச் சொல்லு” என்போம். அதனால் நான் பெற்ற பிள்ளையை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பி, ஐயா, அப்பு, ராசா, கோபம் வந்தால் ஏலேய், அவ்வளவுதான். எங்கள் குலசாமிக்கும் அதே பெயர் என்பதால் சாமியையும் காவல்காரசாமி என்றுதான் சொல்வேன். கடையில் போய்க் கருப்பட்டி கேட்க முடியாமல் பனைவெல்லம் என்று கேட்டு வாழ்ந்தவள் நான். செல்வி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். முதலில் எனக்குத் தூக்கிவாரிப் போடும். இப்போது பழகிவிட்டது. ஆனால் அவள் சொல்வதைக் கேட்கப் பழகியதுதான். என் நாக்கு பழகவில்லை.

எழுதிக் காட்டலாம் என்றால் எழுத்தும் தெரியாது. அந்த மலாய்க்காரருக்குக் குலசாமியை நடித்துக் காட்டினேன். மீசையை முறுக்கினேன். கையில் அரிவாளைப் பிடித்தேன். குதிரை மேல் உட்கார்ந்தேன். மனிதர் ஓரடி பின்னால் போய், “போலீஸ்?” என்றார்.

இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பாக வருகிறது. அப்போது அப்படி இல்லை. ஒரு பக்கம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கிறது. இன்னொரு பக்கம், பஞ்சவர்ணம், அவரையும் நீ கூப்பிடவில்லையே என்று ஒரு நினைப்பு. மூடிவைத்த சோற்றை விட்டுவிட்டு அன்றைக்குக் கண்மாய்க்கரைக்குப் போயிருந்தாலும் நான் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பேன்? இந்தாங்க என்பேன். இருட்டில் ஊரில் பாதிப் பெண்டாட்டிகள் இந்தாங்க என்றுதான் கூப்பிடுவார்கள். யாரை என்று யாருக்குத் தெரியும்?

மணலில் இருந்து ஏறி, ஒற்றைச் செருப்போடு அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இப்போது போனில் சொல்லவும் எனக்கு வரவில்லை. மீனாவுக்குத் தெரியும், அவளே எழுதிக்கொள்ளட்டும்.

“கருப்பையா! ஏ, கருப்பையா!”

கத்திய பிறகு தலையில் எதுவும் விழவில்லை. மாமனாரும் வந்து நிற்கவில்லை.

எனக்கு இடது கைப் பக்கம், நான் நினைத்த இடத்தில் இருந்து ரொம்பத் தள்ளி, “யாரு?” என்று ஒரு குரல் வந்தது. சின்னக் குரல். டார்ச் அங்குட்டுத் திரும்பியது. மகன் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஏதோ யோசித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. உடம்பு ஐஸாக இருந்தது, சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. சுருக்குப் பையைக் கொட்டினேன். இருட்டில் நூலின் நிறம் தெரியவில்லை, ஆனால் நூல் கைக்குத் தெரிந்தது. வாயைத் திற என்று நாக்கைத் தூக்கி மாத்திரையை அடியில் வைத்தேன்.

“முழுங்காத. முழுங்குனே, கொன்னுருவேன்.”

அந்த மலாய்க்காரர் கையில் இருந்த கருவியில் படபடவென்று பேசினார். பேசிவிட்டு மகனுடைய இன்னொரு பக்கம் வந்து உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் விடவில்லை.

6

இன்னொரு குழாயிலும் அடைப்பு இருந்திருக்கிறது. இன்னொரு வலை வைத்தார்கள். இரண்டாம் நாள் அவன் கண் விழித்து, கஞ்சி குடித்து, போனைக் கேட்டான். அப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. அதுவரைக்கும் ஒற்றைச் செருப்போடுதான் ஆஸ்பத்திரியில் திரிந்தேன். செல்வி பார்த்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள்.

“அத்தை, நல்லாத்தான் செஞ்சீக” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் மாடிப்படியில் போய் உட்கார்ந்து தனியாக அழுதாள். நான் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

மகனிடம் கேட்டேன். “நான் தொண்டை கிழியக் கத்துனேனே, தம்பி தம்பின்னு. கேக்கலையா?”

“கேட்டுச்சு ஆத்தா. ஆனா எங்கிட்டோ தூரத்துல, ஊர்ல யாரோ யாரையோ கூப்பிடுறாகன்னு இருந்துச்சு. தம்பின்னா யாரு வேணா இருக்கலாம்ல? அப்படியே சொக்கிக்கிட்டுப் போகுது. சொகமாத்தான் இருந்துச்சு, அதுதான் பயமா இருக்கு இப்ப நெனச்சா.”

“பெறகு?”

“பெறகு எம் பேரு கேட்டுச்சு. ஒன் குரலு. ஒன் குரல்ல எம் பேரு. தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆத்தா பேரு சொல்லுதே, யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சேன். எனக்குத்தான்னு தோணவே இல்ல.”

மைதானத்துக்காரர்கள் விசாரணை என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள். புல் கிழிந்த இடத்தைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். நான்தான் என்று ஒப்புக்கொண்டு ஊதா மையில் விரல் வைத்தேன். அந்த மலாய்க்காரர் என் பக்கம் நிறையப் பேசினாராம். அதனால்தான் மூன்று மாதத்தோடு விட்டார்கள். விசாரணை முடிந்து நான் கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். உள்ளே என் செருப்பு. மணலைத் தட்டி, கழுவி வைத்திருந்தார்.

7

டாக்டர் ஆறு வாரம் கழித்து அனுமதி கொடுத்தார். மெதுவாக, பாதி ஆட்டம் மட்டும். கடிதம் நேற்று வந்தது என்றேன் அல்லவா, இன்றைக்குச் சாயங்காலம் போனோம். வண்டியை ஓட்டத்தான் எனக்குத் தடை, உட்காரத் தடை இல்லை என்று யாழினி கடிதத்தை இரண்டு தடவை வாசித்து உறுதி சொன்னாள். அவளும் வருகிறேன் என்றாள், ஆச்சரியம்தான். வாசலில் அவளும் கையெழுத்துப் போட்டாள். பக்கியை அவள் ஓட்டக் கூடாது, பதினெட்டு ஆக வேண்டுமாம். அதனால் பின்னால் நின்றுகொண்டு வந்தாள். காதில் ஒன்றும் இல்லை.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். முதல் குழியில் அவன் கம்பை ஓங்கியபோதே என் கை சுருக்குப் பைக்குப் போய்விட்டது. விளக்கு அப்படியேதான் இருந்தது. ஆளுக்கு நாலு நிழல் அப்படியேதான். நான் அவன் முகத்தையும் மரத்து ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஐந்து குழியோடு நிறுத்திக்கொண்டான். ஆனால் திரும்பும்போது ஆறாவது குழிப் பக்கமாகப் பக்கியை விட்டு, அந்த மரத்துக்கு எதிரே நிறுத்தினான்.

“ஆத்தா.”

“என்னப்பா?”

“இன்னொரு தடவை சொல்லேன்.”

“என்னத்தை?”

“எம் பேரை. ஒன் வாயால ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கேன். அதுவும் பாதி மயக்கத்துல.”

யாழினி பின்னால் இருந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “சொல்லுங்க அப்பத்தா, சொல்லுங்க. நானும் கேக்கணும்.”

நான் என் மகனைப் பார்த்தேன். பக்கத்து இடத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில், வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“எதுக்குச் சொல்லணும்?” என்றேன். “நீதான் இந்தா இருக்கியே.”